சர்வர் சந்தேகங்கள்: ஓ.எஸ். ஏற்றுவதற்கு முன்னால்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கட்டத்தில் நிற்கின்றன. பெட்டியைப் பிரித்தாயிற்று, சர்வரை ரேக்கில் மாட்டியாயிற்று, இனி டிஸ்க்குகளை என்ன செய்வது? கேட்க வேண்டிய நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். ஓ.எஸ். ஏறாத சர்வரில் எதை வேண்டுமானாலும் கலைத்துப் போட்டு மறுபடி அடுக்கலாம். டேட்டா ஏறிய பிறகு ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் ஏற்பாடு) வகையை மாற்றுவதென்றால், பெரும்பாலும் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகர்த்தி, அழித்து, திரும்ப ஏற்ற வேண்டியதுதான். அதனால் சில பதில்களைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்குப் புது சர்வர் வந்திருக்கிறது. 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஆறு இருக்கின்றன. ‘ஆறையும் சேர்த்து ரெய்டு 5 போட்டுவிட்டு விண்டோஸ் சர்வரை ஏற்றுங்கள், 20 டெராபைட் கிடைக்கும்’ என்கிறார் விற்றவர். கணக்கு மென்பொருளின் டேட்டாபேஸ் ஓட வேண்டும். ஸ்கேன் செய்த ஆவணங்களும் அதிலேயே இருக்கும். அவர் சொல்வது சரியா சார்?
– அலுவலகக் கணினிப் பொறுப்பாளர் ஒருவர்

பதில்: அவர் போட்ட கணக்கு சரி, யோசனைதான் சரியில்லை.

டேட்டாபேஸ் நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருக்கும். ரெய்டு 5-இல் ஒரு சின்னத் துண்டை மாற்ற வேண்டுமானால் பழைய துண்டைப் படிக்க வேண்டும், பழைய பேரிட்டியை (ஒரு டிஸ்க் போனால் அதில் இருந்ததைக் கணக்கிட்டு எடுக்க உதவும் கூடுதல் தகவல்) படிக்க வேண்டும், புதுப் பேரிட்டியைக் கணக்கிட்டு இரண்டையும் திரும்ப எழுத வேண்டும். ஒருமுறை எழுத நாலு வேலை. ரெய்டு 6-இல் பேரிட்டி இரண்டு என்பதால் ஆறு வேலை. ரெய்டு 10-இல் ஒரே தகவலை வைத்திருக்கும் ஜோடி டிஸ்க் இரண்டிலும் எழுதினால் முடிந்தது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க் ஒன்று வினாடிக்குச் சுமார் 80 வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டால் ஆறும் சேர்ந்து 480. அது ரெய்டு 5-இல் 120 முறை எழுதுவதாகச் சுருங்கிவிடும், ரெய்டு 6-இல் 80. ரெய்டு 10-இல் 240 நிற்கும். ரெய்டை நடத்தும் கன்ட்ரோலரின் கேஷ் (தற்காலிக நினைவகம்) இந்த வலியைக் கொஞ்சம் மறைக்கும்; மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கணக்கை முடிக்கும்போது மறைக்காது.

வேகத்தை விட எனக்குப் பெரிய கவலை, ஒரு டிஸ்க் போன பிறகு நடப்பது. ரெய்டு 5-இல் போன டிஸ்க்கைத் திரும்பக் கட்ட, மிச்சம் ஐந்து டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். மொத்தம் 20 டெராபைட். சாதாரண டிஸ்க்குகளின் விவரத் தாளில், 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்களைப் படித்தால் ஒருமுறை படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருக்கும். அது வெறும் 12.5 டெராபைட். நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். சர்வர் ரக டிஸ்க்கில் இந்த அளவு பத்து மடங்கு, 125 டெராபைட். ஆனாலும் சாதாரண டிஸ்க்கில் உற்பத்தியாளரே கைவிரிக்கும் எல்லையைத் தாண்டிப் படித்தால்தான் டேட்டா திரும்பும் என்ற ஏற்பாட்டை நான் யாருக்கும் சொல்வதில்லை. நேரமும் பாருங்கள்: வினாடிக்கு 150 மெகாபைட் வீதம் எழுதினாலே 4 டெராபைட் நிரம்ப ஏழரை மணி நேரம். பக்கத்தில் அலுவலக வேலையும் ஓடினால் அது இன்னும் இழுக்கும். அத்தனை நேரமும் இன்னொரு டிஸ்க் போகக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்? முதலில், டேட்டாபேஸ் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். சின்ன அலுவலகத்தின் கணக்கு டேட்டாபேஸ் பெரும்பாலும் சில பத்து ஜிகாபைட்டைத் தாண்டாது. 20 டெராபைட் உங்களுக்கு எதற்கு? நானாக இருந்தால் இரண்டு டிஸ்க்கை ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே தகவல் இருக்கும் மிரர்) ஆக்கி அதில் ஓ.எஸ்.ஸுக்கு ஒரு பார்ட்டிஷன், ஆவணங்களுக்கு ஒரு பார்ட்டிஷன் போடுவேன். மிச்சம் நாலையும் ரெய்டு 10 ஆக்கி டேட்டாபேஸுக்கு விடுவேன், 8 டெராபைட் கிடைக்கும். சர்வரில் சின்ன எஸ்எஸ்டி இரண்டு மாட்ட இடம் இருந்தால் இன்னும் நல்லது: ஓ.எஸ். அந்த இரண்டில் மிரராகப் போய்விடும், ஆறு ஹார்டு டிஸ்க்கும் டேட்டாவுக்கு மிஞ்சும்.

எப்படிப் போட்டாலும் ஓ.எஸ்.ஸும் டேட்டாவும் தனித்தனியாக இருக்கட்டும். என்றாவது ஓ.எஸ். கெட்டுப்போய் மறுபடி ஏற்ற வேண்டிய ராத்திரியில், டேட்டா இருக்கும் பக்கம் கையே போகாமல் வேலையை முடிக்கலாம்.

கேள்வி: கன்ட்ரோலர் திரைக்குள் போனால் ஸ்ட்ரிப் சைஸ், ரீட் அஹெட், ரைட் பேக், இனிஷியலைஸ் என்று வரிசையாகக் கேட்கிறது. எல்லாவற்றுக்கும் அப்படியே எண்டர் தட்டிவிடலாமா?
– முதல் முறை சர்வர் கட்டும் வாசகி

பதில்: இரண்டு இடத்தில் மட்டும் நின்று படியுங்கள். மற்றதில் தட்டலாம்.

ஒன்று, ரைட் பேக். இதைத் தேர்ந்தால், தகவல் டிஸ்க்கில் இறங்கும் முன்பே, தன் கேஷுக்கு வந்தவுடன் ‘எழுதியாயிற்று’ என்று கன்ட்ரோலர் சொல்லிவிடும். வேகம் பிரமாதமாக இருக்கும். ஆனால் மின்சாரம் போனால் கேஷில் இருப்பதைக் காப்பாற்ற பேட்டரியோ கெப்பாசிட்டரோ வேண்டும். அது நல்ல நிலையில் இருந்தால் ரைட் பேக், கெட்டால் கன்ட்ரோலர் தானாகவே ரைட் த்ரூவுக்கு (டிஸ்க்கில் இறங்கிய பிறகே ‘எழுதியாயிற்று’ என்று சொல்லும் முறை) இறங்கிவிடும். ‘திடீரென்று சர்வர் மந்தமாகிவிட்டது’ என்ற புகாரோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே பேட்டரியின் நிலையைத்தான். சில கன்ட்ரோலர்களில் ‘ஃபோர்ஸ் ரைட் பேக்’ என்று இன்னொன்று இருக்கும். பேட்டரி செத்தாலும் ரைட் பேக்கிலேயே இரு என்று அர்த்தம். அதைத் தொடாதீர்கள். டிஸ்க்கின் சொந்த கேஷ் பற்றித் தனியாகக் கேட்டால் அதையும் அணைத்துவிடுங்கள். கன்ட்ரோலரின் பேட்டரி அதைக் காப்பாற்றாது.

இரண்டு, இனிஷியலைஸ். ஃபாஸ்ட் என்றால் தலைப்பகுதியை மட்டும் துடைத்துவிட்டுக் கொடுத்துவிடும், மிச்சத்தைப் பின்னணியில் பார்த்துக்கொள்ளும். ஃபுல் என்றால் கடைசி செக்டர் வரை எழுதும், மணிக்கணக்கில் ஆகும். புது டிஸ்க்குக்கு ஃபுல் போடச் சொல்வேன். சாயங்காலம் தட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள். பிறவியிலேயே கோளாறுள்ள டிஸ்க் இருந்தால் டேட்டா ஏறும் முன் அந்த இரவிலேயே காட்டிக்கொடுக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஸ்ட்ரிப் சைஸ் (ஒரு டிஸ்க்கில் எழுதிவிட்டு அடுத்த டிஸ்க்குக்குப் போகும் துண்டின் அளவு) 64 கிலோபைட்டோ 256 கிலோபைட்டோ, கன்ட்ரோலர் தருவதை வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. உங்கள் வேலையில் வித்தியாசத்தை அளந்து பார்க்க முடியாதவரை அந்தச் சண்டைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: ரெய்டு 0 தான் எல்லாவற்றிலும் வேகமாமே? சர்வருக்குப் போடலாமா?

பதில்: பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் எழுதிய கட்டுரையில்தான் ரெய்டு 1 முதல் 5 வரை வகை பிரித்தார்கள். 0 அதில் கிடையாது, பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு டிஸ்க் போனாலும் எல்லாம் போகும். தொலைந்தாலும் கவலையில்லை என்கிற தற்காலிகக் கோப்புகளுக்கு மட்டும் போடுங்கள்.

கேள்வி: கன்ட்ரோலரில் டிஸ்க்குகளைச் சேர்த்து வர்ச்சுவல் டிஸ்க் உருவாக்கிவிட்டேன். ஆனால் விண்டோஸ் இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியவில்லை. சர்வர் பழுதா?

பதில்: பழுதில்லை. இன்ஸ்டாலருக்கு உங்கள் கன்ட்ரோலரின் டிரைவர் தெரியவில்லை. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கி, பிரித்து, யூஎஸ்பியில் போட்டு, டிஸ்க் தேர்வுத் திரையில் ‘லோட் டிரைவர்’ கொடுங்கள். டிஸ்க் வந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் தனித்தனியாக நாலைந்து டிஸ்க் தெரிந்தால், ரெய்டு நடக்கவே இல்லை. கன்ட்ரோலர் எச்பிஏ மோடில் (டிஸ்க்குகளைச் சேர்க்காமல் அப்படியே காட்டும் நிலை) இருக்கலாம், அல்லது மதர்போர்டோடு வரும் அரைகுறை ரெய்டாக இருக்கலாம். அதில் சேர்க்கும் வேலையைச் செய்வது டிரைவர்தான். ‘ஏதோ தெரிகிறதே’ என்று முதல் டிஸ்க்கில் ஏற்றிவிடாதீர்கள். அப்புறம், யூஇஎஃப்ஐ (கணினியைக் கிளப்பும் புதிய வகை மென்பொருள்) மோடில்தான் இன்ஸ்டாலரை பூட் செய்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பழைய பயாஸ் மோடில் ஏற்றினால் பூட் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறைக்குப் போய்விடும், 2 டெராபைட்டுக்கு மேல் உள்ள இடத்தை அதனால் தொட முடியாது.

கேள்வி: 4 டெராபைட் டிஸ்க் நாலு, ரெய்டு 5. 12 டெராபைட் வர வேண்டும். விண்டோஸில் 10.9 தான் காட்டுகிறது. மிச்சம் எங்கே?

பதில்: எங்கேயும் போகவில்லை. டிஸ்க் விற்கிறவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் பெருக்கி எண்ணுகிறது. இரண்டும் ஒரே இடம்.

கேள்வி: லினக்ஸ் சர்வர். கன்ட்ரோலரில் ரெய்டு போடுவதா, லினக்ஸின் சொந்த ரெய்டே போதுமா? நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.
– மென்பொருள் எழுதும் வாசகர்

பதில்: நான் இரண்டாவது கட்சி, ஒரு நிபந்தனையோடு.

லினக்ஸின் சொந்த ரெய்டான எம்டிஏடிஎம்மில் பிடித்தது, டிஸ்க்குகளைக் கழற்றி வேறெந்த லினக்ஸ் பெட்டியில் மாட்டினாலும் அடையாளம் கண்டுகொள்ளும். கன்ட்ரோலர் ரெய்டில், கன்ட்ரோலரே எரிந்துபோனால் அதே குடும்பத்து கன்ட்ரோலரைத் தேடி அலைய வேண்டும். ஐந்து வருடம் கழித்து அது கடையில் இருக்குமா என்பது உங்கள் கையில் இல்லை.

நிபந்தனை, பூட். மதர்போர்டின் யூஇஎஃப்ஐக்கு லினக்ஸ் ரெய்டு தெரியாது. அது தேடுவது, பூட் கோப்புகள் இருக்கும் இஎஸ்பி என்ற சின்ன ஃபேட் பார்ட்டிஷனை. இரண்டு டிஸ்க்கை மிரர் செய்துவிட்டு இஎஸ்பியை முதல் டிஸ்க்கில் மட்டும் வைத்தால், முதல் டிஸ்க் போகிற அன்று டேட்டா முழுசாக இருக்கும், சர்வர் மட்டும் எழுந்திருக்காது. இதைத்தான் நிறைய இடத்தில் பார்க்கிறேன். இன்ஸ்டாலரில் பார்ட்டிஷன் பிரிக்கும் கட்டத்திலேயே இரண்டு டிஸ்க்கிலும் ஒரே அளவில் இஎஸ்பி ஒதுக்குங்கள், பூட்லோடரை (ஓ.எஸ்.ஸைக் கிளப்பும் சின்ன நிரல்) இரண்டிலும் ஏற்றுங்கள், யூஇஎஃப்ஐ பூட் வரிசையில் இரண்டும் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு இடம் ஒதுக்குவது பெரிய வேலை.

இசட்எஃப்எஸ் (ரெய்டையும் கோப்பு முறையையும் சேர்த்தே தருவது) போடுவதாக இருந்தால் கன்ட்ரோலரை எச்பிஏ மோடுக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு டிஸ்க்குகள் நேரடியாகத் தெரிய வேண்டும். தன் செக்சம்மை (தகவலிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) வைத்து எந்த டிஸ்க் தப்பான தகவல் தருகிறது என்று கண்டுபிடித்து, நல்ல பிரதியிலிருந்து திருத்துவதுதான் அதன் பலமே. நடுவில் ரெய்டு கன்ட்ரோலர் எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்காகக் காட்டினால், தப்பு தெரியும், திருத்த வழி இருக்காது. இசட்எஃப்எஸ்ஸில் பூல் (டிஸ்க்குகளின் தொகுப்பு) உருவாக்கும்போது ‘ஏஷிஃப்ட்’ 12 என்று கொடுக்க மறக்க வேண்டாம். 4 கிலோபைட் செக்டருக்கான அளவு அது, பின்னால் மாற்ற முடியாது.

கேள்வி: மேசைக் கணினிக்கு வாங்கிய டிஸ்க்குகள் சில சும்மா கிடக்கின்றன. சர்வரில் மாட்டினால் என்ன ஆகும்?

பதில்: ஓடும். ஓடுகிற வரை.

மேசைக் கணினி டிஸ்க், படிக்க முடியாத செக்டரைக் கண்டால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், சில சமயம் நிமிடக்கணக்கில். அதனிடம் இருப்பது ஒரே பிரதி என்று நினைப்பு. சர்வர், நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) ரக டிஸ்க்குகள் பொதுவாக 7 வினாடியில் கையை விரித்துவிடும். ரெய்டு மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். பதிலே சொல்லாத டிஸ்க்கை கன்ட்ரோலர் செத்ததாக நினைத்து வெளியே தள்ளிவிடும். லினக்ஸும் வழக்கமாக 30 வினாடிக்கு மேல் பொறுப்பதில்லை. ஒரு கெட்ட செக்டருக்காக முழு டிஸ்க்கையும் இழப்பீர்கள். எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும்) டிஸ்க்காக இருந்தால் இன்னும் மோசம், ரீபில்டின்போது (போன டிஸ்க்கைத் திரும்பக் கட்டும்போது) தொடர்ந்து எழுதச் சொன்னால் ஒரு கட்டத்துக்கு மேல் படுத்துவிடும். மாடல் எண்ணைத் தேடி, சிஎம்ஆரா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) எஸ்எம்ஆரா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: பழைய சர்வரின் டிஸ்க்குகளைப் புதியதில் மாட்டியதும் ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்று வருகிறது. இம்போர்ட்டா, கிளியரா?

பதில்: அந்த டிஸ்க்குகளில் இருப்பது வேண்டும் என்றால் இம்போர்ட், வேண்டாம் என்றால் கிளியர். கேட்க இவ்வளவு எளிது. ராத்திரி பதினொரு மணிக்கு, சர்வர் எழுந்திருக்கவில்லையே என்ற பதற்றத்தில் எளிதாக இருக்காது. ஓர் அலுவலகத்தில் ‘ஃபாரின் என்றால் நம்முடையது இல்லை’ என்று முடிவுகட்டி ஒருவர் கிளியர் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பேக்கப் இருந்தது; மறுநாள் மதியம் வரை அதை இறக்கிக்கொண்டிருந்தோம்.

ஃபாரின் என்றால், டிஸ்க்கில் எழுதியிருக்கும் ரெய்டு விவரம் இந்த கன்ட்ரோலரின் நினைவில் இல்லை, அவ்வளவுதான். முதலில் ப்ரிவ்யூ கொடுங்கள். எத்தனை டிஸ்க், எந்த ரெய்டு, முழுசாக இருக்கிறதா என்று காட்டும். ஒரு டிஸ்க் குறைந்தால் கேபிளையும் ஸ்லாட்டையும் பாருங்கள். ப்ரிவ்யூ திருப்தியாக இருக்கும் வரை இரண்டு பொத்தானுமே வேண்டாம்.

கேள்வி: எல்லாம் போட்டாயிற்று, ‘ஆப்டிமல்’ என்று பச்சையில் காட்டுகிறது. மென்பொருளை ஏற்ற ஆரம்பிக்கலாமா?
– பள்ளிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்

பதில்: இன்னும் இல்லை. ஓ.எஸ். மட்டும் ஏற்றுங்கள், வெறும் ஓ.எஸ். பெரிய கோப்பு ஒன்றை டேட்டா பக்கம் நகல் செய்து அதன் செக்சம்மைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவுங்கள். ஹாட் ஸ்வாப் பே (ஓடும்போதே டிஸ்க்கை மாற்ற வசதியுள்ள இடம்) உள்ள சர்வராக இருந்தால்தான். இல்லையென்றால் நிறுத்திவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள்.

எந்த டிஸ்க்கை உருவுவது என்பதே முதல் பாடம். மேலாண்மைத் திரையில் ஸ்லாட் 0 என்று இருப்பது, முன்பக்கத்தில் இடது ஓரமா, மேல் வரிசையா? ‘லொகேட்’ கொடுத்தால் அந்த டிஸ்க்கின் விளக்கு மினுக்கும். மினுக்கும் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணின் கடைசி நாலு எழுத்தைச் சின்னத் தாளில் எழுதி அதன் கேடியின் (டிஸ்க்கைத் தாங்கும் தட்டு) முகப்பில் ஒட்டுங்கள். லினக்ஸ் ரெய்டில் இது இன்னும் முக்கியம், டிஸ்க்குகளுக்கு அது தரும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் அடுத்த பூட்டில் இடம் மாறலாம். செத்த டிஸ்க்குக்குப் பதில் நல்ல டிஸ்க்கை உருவி, இரண்டையும் சேர்த்து இழந்தவர்கள் நிறைய.

உருவியாயிற்றா? பீப் கேட்க வேண்டும், விளக்கு நிறம் மாற வேண்டும், உங்களுக்கு மெயில் வர வேண்டும். மெயில் வரவில்லையென்றால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த அடிக்குப் போகாதீர்கள். ஒரு டிஸ்க் போனது தெரியாமலே மாதக்கணக்கில் ஓடும் சர்வர்கள் இப்படித்தான் உருவாகின்றன. இப்போது கோப்பின் செக்சம்மை மறுபடி பாருங்கள், அதே எண் வர வேண்டும். அந்த டிஸ்க் இல்லாமலே சர்வரை நிறுத்திக் கிளப்புங்கள். எழுந்ததா?

டிஸ்க்கைத் திரும்பச் செருகினால் சில கன்ட்ரோலர்கள் தாமாகவே ரீபில்டைத் தொடங்கும். சில, முன் பதிலில் சொன்ன மாதிரி ‘ஃபாரின்’ என்று முறைக்கும். ரெய்டு மற்ற டிஸ்க்குகளில் ஓடிக்கொண்டிருப்பதால், செருகிய அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டும் இங்கே கிளியர் கொடுப்பது சரி. அதை ஹாட் ஸ்பேராக (தயாராகக் காத்திருக்கும் மாற்று டிஸ்க்காக) காட்டுங்கள், ரீபில்ட் கிளம்பும். எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எழுதி வையுங்கள். நிஜமாகவே ஒரு டிஸ்க் போகிற நாளில் உங்கள் தலைமை ஆசிரியர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

முடிந்ததும் பூட் மிரரின் இன்னொரு டிஸ்க்கை உருவி இதையே செய்யுங்கள். ஆசை இருந்தால், ரெய்டு 10-இல் ஒரே ஜோடியின் இரண்டு டிஸ்க்கையும் உருவி, மொத்தமும் சரிவது எப்படி இருக்கும் என்றும் பார்த்துவிடுங்கள். டேட்டா இல்லாத நேரம்தானே! அப்புறம் கலைத்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: ரெய்டு இருக்கும்போது பேக்கப் எதற்கு?

பதில்: யாராவது ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால், மிரர் அதை அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் அழித்துவிடும். ரேன்சம்வேர் வந்தாலும் அப்படித்தான். வேறு பெட்டியில் ஒரு பிரதி, வேறு கட்டடத்தில் ஒரு பிரதி.

கேள்வி: சர்வர் அறையில் இரண்டு நாளாக விடாமல் பீப் சத்தம். காது வலிக்கிறது. எப்படி நிறுத்துவது?

பதில்: இரண்டு நாளாகவா! முதலில் எந்த டிஸ்க் என்று பார்த்து, மாற்று டிஸ்க்குக்கு ஆர்டர் போடுங்கள், பேக்கப் கடைசியாக எப்போது ஓடியது என்று பாருங்கள். பிறகு கன்ட்ரோலர் மெனுவில் ‘சைலன்ஸ் அலாரம்’ கொடுங்கள். அது இந்த ஒருமுறை மட்டும் வாயை மூடும், அடுத்த டிஸ்க் போனால் மறுபடி கத்தும். பக்கத்திலேயே ‘டிஸேபிள் அலாரம்’ என்று இருக்கும். அது வேண்டாம்.